வெந்தயக் கலர்ச் சேலையும் உலகம்மையின் பையும்

முப்பத்தெட்டு வீடு, முப்பத்தெட்டு வாசல், வாசலுக்கு ஒரு செம்பருத்தி என்று பாளையங்கோட்டைக்குத் தெற்கே இருந்த தென்றல் காலனியில், மாதர் சங்கத்தின் இருபதாவது ஆண்டு விழா அன்று காலை பத்தேகாலுக்கு, முப்பத்தெட்டுப் பெண்களுக்கும் ஒரே முகம் வந்துவிட்டது. வந்ததற்குக் காரணம் சேலைதான் என்பதில் காலனிக்குள் மறுபேச்சு கிடையாது. அந்தச் சேலையைத் தேர்ந்தெடுத்தது யார் என்பதில்தான் இன்றுவரை சண்டை.

தேர்வு பதினோரு வாரம் நடந்தது. ரோஸ் என்றால் கறுத்த பிள்ளைகளுக்கு எடுக்காது என்றார்கள், பச்சை என்றால் கட்சிக்காரி மாதிரி இருக்கும் என்றார்கள், நீலத்தைப் போன வருஷமே அடுத்த காலனிக்காரிகள் கட்டித் தொலைத்துவிட்டார்கள், மஞ்சள் என்றதும் ரெஜினா டீச்சர், "நான் என்ன பால்குடமா எடுக்கப் போறேன்?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள், கறுப்பு என்று வாயைத் திறந்தவளை மூன்று நாள் யாரும் குரூப்பில் சீண்டவில்லை. கடைசியில், யாருக்கும் பிடிக்காத, ஆனால் யாராலும் குறை சொல்ல முடியாத வெந்தயக் கலர் ஜெயித்தது. ஊறப்போட்டு மறந்துபோன வெந்தயம். அரக்குக் கரை. சங்கத்தின் செக்ரட்டரி சந்தானலட்சுமி, கோலத்தைக்கூட ஸ்கேல் வைத்துப் போடுகிறவள், வாட்ஸப்பில் விதிகளை அனுப்பினாள்: முந்தியில் ஏழு மடிப்பு, மடிப்பைப் பிடிக்க இரண்டே ஊக்கு, பூ ஒரு முழம், மெரூன் பொட்டு நாலாம் நம்பர், செருப்பு கறுப்பு. பதினான்காவது விதி காலனியில் ஒரே ஒருத்திக்காக எழுதப்பட்டது: சேலையில் பை வைத்துத் தைக்கக் கூடாது.

அந்த ஒருத்தி பதினேழாம் நம்பர் வீட்டு உலகம்மை. வயது நாற்பத்தெட்டு. ஆணுக்குச் சட்டையில் ஒன்று, பேண்ட்டில் நாலு என்று பையாக வைத்துத் தள்ளிய ஆண்டவனுக்குப் பெண்ணிடம் வரும்போது துணி தீர்ந்துபோயிற்றாக்கும் என்று சொல்லி, கல்யாணமான மறுவருஷமே புருஷனுடைய பழைய சட்டைகளில் இருந்து பையைப் பிரித்தெடுத்துத் தன் சேலைகளில் வலது இடுப்புப் பக்கம், உள்ளே மறைவாக அல்ல, வெளியே, ஊர் பார்க்க, தைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். கிளிப்பச்சைச் சேலையில் நீலக் கட்டம் போட்ட பை. கூறைப்பட்டில் மின்வாரியக் காக்கிப் பை. அதற்குள் வீட்டுச் சாவி, போன், இஞ்சி மிட்டாய், ஒரு பாதிப் பென்சில். "கண்டக்டரக்கா, ஜங்ஷனுக்கு ரெண்டு டிக்கெட்!" என்று கிண்டல் பண்ணியவர்களிடம், "படியில நிக்காத, உள்ள போ" என்று சொல்லிக்கொண்டே நடந்துவிடுவாள்.

பைக்குள் முக்கியமான சாமான் இன்னொன்று உண்டு. அவள் புருஷன் குற்றாலலிங்கம் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர். ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்தவருக்குச் சொந்த மூக்குக்கண்ணாடி எங்கே கிடக்கிறது என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. கழற்றிய இடத்தில் விட்டுவிடுவார், அவள் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வாள். நாளுக்கு இருபது தடவை, "உலகு, என் கண்ணாடி எங்க?" என்று கேட்பார். 'எங்க' என்று முடிப்பதற்குள் அவள் கை இடுப்புக்குப் போய்த் திரும்பியிருக்கும். இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் தேய்ந்தது போக மிச்சம் நின்ற பேச்சு இதுதான். அதனால்தான், விழாவுக்கு முந்தின வாரம் அவரே சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொன்னபோது, அவளுக்குச் சுருக்கென்றது.

"இந்த ஒரு நாளைக்கு அந்தப் பைய விட்டுரு, உலகு. நாலு பேரு மாதிரி வா."

"நாலு பேருன்னா யாரு? பேரச் சொல்லுங்க, போய்ப் பாத்துட்டு வாரேன்."

"எல்லாருந்தான். போட்டோ எடுத்து விழா மலர்ல போடுதாவ. காலத்துக்கும் நிக்கும். லிங்கம் பொண்டாட்டிக்கு மட்டும் என்ன கேடுன்னு நெனக்க மாட்டாவளா?"

உலகம்மை அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். "சரி. நாலு பேரு மாதிரியே வாரேன். அப்புறம் அந்த நாலு பேருல எவ நானுன்னு நீங்க தேடிக்கிட்டு வரக்கூடாது."

இந்தச் சொல்தான் பலித்துவிட்டது என்று பின்னால் சிலர் சொன்னார்கள். அவளுக்கு அவ்வளவு வாக்குப்பலிதம் இருந்திருந்தால் காலனித் தண்ணீர் மோட்டார் எப்போதோ ஒழுங்காக ஓடியிருக்கும்.

விழா அன்று காலை, பந்தலுக்குள் நுழைகிற இடத்தில் குற்றாலலிங்கம் வழக்கம்போலக் கண்ணாடியைக் கழற்றி, "இத வச்சுக்கோ" என்று நீட்டினார். வாங்கிய கை வழக்கம்போல இடுப்புக்குப் போனது, வழுவழுப்பான வெந்தயத்தில் பிடியில்லாமல் வழுக்கியது. பை இல்லை. சட்டென்று ஜாக்கெட்டுக்குள் பர்ஸுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு போய் மூன்றாவது வரிசையில் நின்றாள். போட்டோக்காரர் ஏணி மேல் ஏறி, "முந்தியச் சரி பண்ணுங்க, நாடிய இறக்குங்க, எல்லாரும் ஒரே மாதிரி சிரிங்க" என்றார். முப்பத்தெட்டுப் பேரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். அவர் ஏணியை விட்டு இறங்கியபோது நகைக்கடைக் காலண்டரில் கையெடுத்துக் கும்பிடுகிறவளின் முகம் ஒன்று முப்பத்தெட்டு கழுத்துகளின் மேல் இருந்தது. நெட்டை குறைந்து குட்டை கூடி ஒரே உயரம், கட்டைக் குரலும் கீச்சுக் குரலும் கலந்து ஒரே குரல். அந்தக் குரலில் ஒருத்தி, "சாப்பாடு போட்டுட்டாவளா?" என்று கேட்டாள். பந்தி ஆறிக்கொண்டிருந்ததால் எல்லோரும் முதலில் சாப்பிடப் போனார்கள்.

சாப்பிட்டு முடித்து, பீடாவும் போட்ட பிறகுதான் யார் எந்த வீட்டுக்குப் போவது என்ற கேள்வி வந்தது. சேலையை அவிழ்த்தால் சரியாகிவிடும் என்று ஓடினார்கள். சேலையை அவிழ்த்து நைட்டிக்கு மாறினார்கள். அந்த நைட்டிகளும் முக்குக்கடையில் மொத்தமாக எடுத்தவை, மேலே போட்ட துண்டும் அதே கடைத் துண்டு, முகம் அசையவில்லை. அவரவர் பேரைச் சொன்னால் தீர்ந்தது என்றார் ஒருவர். சொன்னார்கள். மாமியாரும் இல்லாமல், அடுப்படியில் ஏசியும் இருக்கிற கஸ்தூரியின் வீட்டுக்கு முன்னால் ஐந்து பேர் நின்று நான்தான் கஸ்தூரி என்று சத்தியம் பண்ணினார்கள். அதோடு பேருக்கு இருந்த மதிப்பும் போயிற்று. நிஜக் கஸ்தூரி ரெஜினா டீச்சர் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து வாரப்பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

உலகம்மை நேரே பதினேழாம் நம்பருக்குத்தான் போனாள். கேட்டருகில் குற்றாலலிங்கம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது.

"நீங்க எந்த வீடும்மா?" என்றார் அவளைப் பார்த்து.

அவள் கேட்டைத் திறந்தாள்.

"எங்க வீட்டம்மா அப்பவே வந்துட்டா. உள்ள காபி போடுதா. நீங்க பாத்துப் போங்க, வெயிலா இருக்கு."

ஜாக்கெட்டுக்குள் இருந்து கண்ணாடியை எடுத்து அவர் மூக்கில் மாட்டிவிட ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. நான்தான் உலகு என்று கத்தியிருக்கலாம், உள்ளே போய் அந்த டம்ளர்காரியை முடியைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கலாம், அதற்கெல்லாம் பிறந்தவள்தான் அவள். ஆனால் 'நீங்க எந்த வீடும்மா' என்ற அந்த மரியாதை நெஞ்சில் மீன்முள் மாதிரிக் குத்தி நின்றது. இருபத்தாறு வருஷம். சரி, அவர் வாயாலேயே இவள்தான் என்று சொல்லட்டும், சொல்கிறவரைக்கும் நான் சொல்ல மாட்டேன், கண்ணாடியும் கிடையாது, குருடாகவே அலையட்டும் என்று கேட்டைச் சாத்திவிட்டு நடந்தாள். எல்லா வீட்டிலும் ஆள் ஏறிவிட்டிருந்தது. மிச்சம் இருந்தது ஒன்றாம் நம்பர், செக்ரட்டரி வீடு. செக்ரட்டரியின் புருஷர், காது மந்தமான ரிட்டையர்ட் ஹெட்மாஸ்டர், கதவைத் திறந்து, "லேட்டு" என்று மட்டும் சொன்னார்.

முதல் இரண்டு நாள்தான் காலனி கலங்கியது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. ஆண்களுக்குச் சிரமம் ஒன்றும் இல்லை. காபி வந்தது, இட்லி வந்தது, சட்டை தேய்த்து வந்தது. ராத்திரிப் படுக்கைக்கு நாகரிகமாக ஹாலுக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போனார்கள், பாதி வீட்டில் அது பழைய ஏற்பாடுதான். "இவ சண்டையே போடலவே. எம் பொண்டாட்டி இல்லன்னு நல்லாத் தெரியும்" என்று பஸ் ஸ்டாப்பில் ஒருவர் சொல்ல, "அப்போ சொல்லி மாத்திக்கிட வேண்டியதான?" என்று இன்னொருவர் கேட்க, "எதுக்கு? இருக்கட்டும்" என்றார் முதலாமவர். சென்னையில் இருந்தும் அமெரிக்காவில் இருந்தும் வீடியோவில் பேசிய பிள்ளைகள், "என்னம்மா, நல்லா மெலிஞ்சுட்ட" என்று சந்தோஷப்பட்டு வைத்துவிட்டார்கள். முகத்தைக் காட்டினால் திறக்கிற போன்கள் எல்லாம் எல்லா முகத்துக்கும் திறந்தன. யார் யாரைப் பற்றி எந்த குரூப்பில் என்ன எழுதியிருந்தாள் என்பது ஒரே மத்தியானத்தில் காலனிக்கே தெரிந்தது. ஆனால் எழுதியவள் எவள் என்று தெரியாததால் சண்டைபோட ஆள் கிடைக்கவில்லை. ஆளுக்கொரு நம்பர் அட்டை மாட்டலாம் என்று மாட்டினார்கள், மறுநாளே பண்டமாற்று நடந்தது. சங்கக் கூட்டத்தில் செக்ரட்டரி எவள் என்று தெரியாமல், நாற்காலியில் நாலு பேர் மாறி மாறி உட்கார்ந்து பார்க்க, கூட்டம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. இருபது வருஷத்தில் அப்படி முடிந்தது அதுதான் முதல் தடவை.

பெண்களுக்கோ வெகு சீக்கிரத்தில் ஒரே முகத்தின் ருசி தெரிந்துவிட்டது. ஒருத்தி பட்டப்பகலில் தனியாகச் சினிமாவுக்குப் போனாள், பார்த்தவர்கள் யாரென்று போய்ச் சொல்வார்கள்? ஆறு பேர் ரோட்டுக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முட்டைப் பரோட்டா தின்றார்கள். ஒருத்தி கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்று சாக்கடையைப் பற்றி அச்சில் ஏற்ற முடியாத தமிழில் பேசிவிட்டு வந்தாள். ஆள் வைத்து மிரட்டலாம் என்றால் முப்பத்தெட்டில் எவளை மிரட்டுவது என்று விளங்காமல், கவுன்சிலர் நாலே நாளில் சாக்கடையைச் சரிபண்ணிக் கொடுத்தார். "இப்படியே இருந்துட்டாத்தான் என்னக்கா?" என்று தண்ணீர்த் தொட்டியடியில் பேசிக்கொண்டார்கள்.

உலகம்மைக்கு மட்டும் அந்த ருசி ஒட்டவில்லை. காலனியில் திரும்பிப் போக வேண்டும் என்று தவித்தவள், எப்போதும் சேராமல் இருந்த அவள் ஒருத்திதான். செக்ரட்டரி வீட்டு அலமாரியில் இருநூற்றுப் பன்னிரண்டு சேலைகள், எந்தத் தேதியில் எந்த விசேஷத்துக்கு எதிரே யார் பார்க்கக் கட்டியது என்று சீட்டு ஒட்டி, ராணுவம் மாதிரி நின்றன. எண்ணி முடித்துவிட்டு அடித்தட்டில் விரித்த பேப்பரைத் தூக்கிப் பார்த்தாள், அடுத்த வீட்டு அலமாரியில் கை வைத்தால் பேப்பருக்கு அடியில் பார்க்காமல் இருக்க எவளால் முடியும்? அங்கே கையில்லாத ஜாக்கெட் ஒன்று, ரத்தச் சிவப்பு, தைத்து வந்த குண்டூசிகூடப் பிடுங்காமல் கிடந்தது. உலகம்மை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பேப்பரைப் பழையபடி விரித்துவிட்டு, பதினேழாம் நம்பர் வாசலில் இப்போதெல்லாம் ஸ்கேல் வைத்த மாதிரி விழுகிற கோலத்தை நினைத்துக்கொண்டாள். டம்ளர்காரி எவள் என்பது தெரிந்துபோயிற்று.

அந்த டம்ளர்காரி என்ன செய்தாள் தெரியுமா? எட்டாம் நாள், உலகம்மையின் கிளிப்பச்சைச் சேலையை, நீலக் கட்டம் போட்ட பையோடு எடுத்துக் கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பைக்குள் கையை விட்டு, எடுத்து, மறுபடி விட்டு, ஊஞ்சலில் முதல் தடவை உட்கார்ந்த பிள்ளை மாதிரி அவள் தெருவில் போவதை ஒன்றாம் நம்பர் ஜன்னல் வழியாகப் பார்த்தாள் உலகம்மை. பையும் போயிற்றா. இனி எதை வைத்து அந்த மனிதர் கண்டுபிடிப்பார்? ஊரே அந்தப் பையைத்தானே அவள் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் பதினேழாம் நம்பரில் நடந்ததைக் குற்றாலலிங்கமே பின்னால் எல்லோருக்கும் சொன்னார். பேப்பரில் தலைப்பைத் தவிர ஓர் எழுத்து தெரியாமல் எட்டு நாளாகத் தவித்தவர், அடுப்படிப் பக்கம் பச்சையும் நீலமுமாக மங்கலாக ஏதோ அசைவதைப் பார்த்து, பழக்கதோஷத்தில், "உலகு, என் கண்ணாடி எங்க?" என்று கேட்டார். அவள், "அலமாரியில பாக்குதேன்" என்று சொல்லிக்கொண்டு அலமாரிக்குப் போனாள். அலமாரியில் இல்லை என்று மேஜைக்குப் போனாள். மேஜையில் இல்லை என்று டீவிக்கு மேலே தடவினாள். அத்தனை நேரமும் பை அவள் இடுப்பில்தான் இருந்தது, கை ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போகவில்லை. குற்றாலலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்தார். "அம்மா, நீங்க யாரோ தெரியல. ஆனா எம் பொண்டாட்டி இல்ல" என்று கும்பிட்டுவிட்டு, அன்றிலிருந்து மொட்டைமாடிக்குக் குடிபோனார்.

பதினோராம் நாள் காலையில், மோட்டார் ரிப்பேர் என்று தொட்டியடியில் முப்பத்தெட்டுப் பேரும் குடத்தோடு வரிசையில் நின்றபோது, குற்றாலலிங்கம் வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டு வந்தார். வரிசையின் முனையில் நின்றவளுக்கு முன்னால் போய், "என் கண்ணாடி எங்க?" என்றார்.

"எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

அடுத்தவளிடம் போனார். "என் கண்ணாடி எங்க?"

"ஏ, இந்த மனுஷனுக்கு வெயில் ஏறிட்டுட்டி!"

ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி வைதாள், ஒருத்தி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பச்சைச் சேலைக்காரி குனிந்து குடத்துக்குள் பார்த்துக்கொண்டாள். அவர் ஒவ்வொருத்தியிடமும் கேட்டார், கேட்டுவிட்டு முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்புப் பக்கமே பார்த்தார். பொது இடத்தில் ஒரு பெரிய மனிதர் செய்கிற காரியமா என்று முணுமுணுப்பு எழும்பியது. உலகம்மை இருபத்தெட்டாவதாக நின்றாள். அன்று பார்த்து ஒன்றாம் நம்பர் அலமாரியில் வேறெதிலும் கை வைக்கப் பிடிக்காமல், அந்தப் பாழாய்ப்போன வெந்தயத்தையே கட்டியிருந்தாள். அவர் நெருங்க நெருங்க, கையைக் கட்டிக்கொள் உலகம்மை, அசையாதே, முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும், முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்று தனக்குள் ஜெபம் மாதிரிச் சொல்லிக்கொண்டு, இரண்டு கையாலும் குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"என் கண்ணாடி எ—"

குடம் கீழே விழுந்து உருண்டது. அவள் வலது கை, யாரைக் கேட்டது, எவரிடம் அனுமதி வாங்கியது, இடுப்புக்குப் போய்விட்டது. அங்கே பை இல்லை. இல்லாத பைக்குள் விரல் நுழைந்து, இல்லாத கண்ணாடியைத் துழாவி, வழுவழு வெந்தயத்தில் வழுக்கி நின்றது.

"இவதான்" என்றார் குற்றாலலிங்கம்.

உலகம்மை ஜாக்கெட்டுக்குள் கைவிட்டுக் கண்ணாடியை எடுத்தாள், சூடாக இருந்தது. கொடுக்கவில்லை.

"பதினோரு நாளும் நீதான் வச்சிருந்தியா?"

"ஆமா. இப்ப நீங்க தேடி வந்தது கண்ணாடியவா, என்னயவா?"

பொய் சொல்லத் தெரிந்த மனிதராக இருந்தால் அந்த இடத்தில் ஒரு நல்ல பொய் சொல்லியிருப்பார். அவர் தலையைச் சொறிந்தார். "ரெண்டும் ஒரே எடத்துலதானளா இருக்கும்."

உலகம்மை அதை வாயில் போட்டுக் குதப்பிப் பார்த்தாள். பெரிய ருசி இல்லை; ஆனால் கலப்படமும் இல்லை. "சட்டையக் கழத்துங்க" என்றாள். "இங்கயா?" "நாலு பேரு பாக்கட்டும்." முப்பத்தேழு பெண்கள் பார்க்க, குற்றாலலிங்கம் தீபாவளிக்கு எடுத்த சட்டையைக் கழற்றிக்கொடுத்து, பனியனில் ஓட்டையோடு நின்றார். அவள் பையின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து, முந்தியில் இருந்த இரண்டு ஊக்குகளையும் பிடுங்கி, இடுப்பில் வைத்து வெந்தயத்தின் மேல் குத்தினாள். ஏழு மடிப்பும் சரிந்தது. முகம் மூக்கில் இருந்து திரும்ப ஆரம்பித்தது. முதலில் அந்தப் பெரிய மூக்கு, பிறகு மூக்கோரத்து மரு, பிறகு எப்போதும் ஏதோ சொல்லத் தயாராக இருக்கிற வாய்.

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பை வைத்தால்தான் முகம் வரும் என்று நினைத்துக்கொண்டு, அன்று மத்தியானமே காலனியில் ஒரு சட்டை பாக்கி விடாமல் பிரித்தார்கள். ஒருத்திக்கும் வரவில்லை. தினந்தினம் தலை பின்னி அலுத்துப்போன ரெஜினா டீச்சர் கழுத்தோடு முடியை வெட்டியபோதுதான் அவளுக்கு வந்தது. கஸ்தூரிக்கு, புருஷனுடைய லுங்கியைக் கட்டிக்கொண்டு மாடியில் நின்றபோது. இப்படி ஒவ்வொருத்தியாக, சிலர் இஷ்டத்தோடும், சிலர் சினிமாவையும் பரோட்டாவையும் நினைத்துப் பெருமூச்சோடும், திரும்பி வந்தார்கள். கடைசிவரை வராமல் நின்றது பச்சைச் சேலைக்காரி. அதற்கு மூன்றாம் நாள் அவள் சேலையைத் துவைத்து, பையை மட்டும் நாலு தடவை தேய்த்து, பதினேழாம் நம்பருக்குக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"மன்னிச்சிரு உலகு. ஒரு பைய வச்சுப் பாக்கணும்னு ஆச. இருபது வருஷமா."

"அதுக்கு விதி போட்டீங்களாக்கும்" என்றாள் உலகம்மை. பிறகு, குரலை இறக்கி, "யக்கா, உங்க அலமாரியில அடித்தட்டுப் பேப்பருக்குக் கீழ சிவப்பா ஒண்ணு கெடக்கு. ஊசியப் பிடுங்கிட்டுப் போடுங்க, குத்தும்."

மறுநாள் காலை சந்தானலட்சுமி தன் சொந்த முகத்தோடும், இரண்டு வெள்ளைத் தோளோடும் தொட்டியடிக்கு வந்தாள். வரிசையில் எல்லோரும் நகர்ந்து இடம் விட்டார்கள். ஹெட்மாஸ்டர் மட்டும், "லேட்டு" என்றார். அடுத்த ஆண்டு விழாவுக்கு எல்லோரும் கண்டிப்பாக வேறு வேறு மாதிரி உடுத்தி வர வேண்டும், எப்படி எப்படி என்ற பட்டியல் கீழே, என்று அவள் அன்றே குரூப்பில் போட்டாள் என்பது வேறு விஷயம். பிறவிக்குணம் பட்டாலும் போகுமா?

மலர் அச்சாகி வந்தது. நடுப்பக்கத்தில் போட்டோ: முப்பத்தெட்டு வெந்தயம், முப்பத்தெட்டு காலண்டர் முகம். கீழே பேர் போட வழியில்லாமல் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினருக்குப் பக்கத்தில் நிற்பது தான்தான் என்று பத்தொன்பது பேர் அடித்துப் பேசினார்கள். குற்றாலலிங்கம் மலரைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, தூர வைத்து, சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தவர், மூன்றாவது வரிசையில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். எல்லோருடைய கையும் விதிப்படி முன்னால் கோத்திருக்க, ஒருத்தியின் வலது கை மட்டும் இடுப்பில், பெருவிரல் மடங்கி, அங்கே இல்லாத எதிலோ செருகியிருந்தது.

"உலகு, இது நீதான?"

"வெறுங்கண்ணால என்ன தெரியும்? கண்ணாடியப் போட்டுப் பாருங்க."

"கண்ணாடி எங்க?" என்று அவர் கேட்டு முடிக்கவில்லை.